குட்டை முதலை

அருவருப்பு என்பது மூக்கில் தொடங்கி, வயிற்றைப் புரட்டி, மனத்தில் போய்த் தங்கும் ஓர் உணர்ச்சியாகும். நாகஜோதிக்கு அது ஆடி மாதம் மூக்கில் தொடங்கியது. புரட்டாசி முடிவதற்குள் மனத்தில் குடியேறிவிட்டது.

குஜிலியம்பாறைக்கு மேற்கே, மானாவாரிக் காடுகளுக்கு நடுவில், ஆவாரங்குட்டை என்னும் சிறு நீர்நிலை உள்ளது. மழை பெய்தால் அதில் நீர் நிற்கும். நீர் நின்றால் கரையோரக் கிணறுகளில் ஊற்றெடுக்கும். அக்கிணறுகளுள் ஒன்றை நம்பியே நாகஜோதியும் அவள் கணவன் சுருளிவேலும் அரை ஏக்கரில் மல்லிகை பயிரிட்டிருந்தனர். நாகஜோதியின் மூக்கு ஊரறிந்த மூக்கு. பால் திரியப் போவதை அது திரிவதற்கு முன்பே சொல்லிவிடுவாள். கல்யாண வீட்டுச் சாம்பாரில் உப்பில்லை என்பதைப் பந்தல் வாசலில் நின்றே அறிந்துவிடுவாள் என்று பெண்கள் கேலி பேசுவதுண்டு. அத்தகைய மூக்கு படைத்தவளின் கிணற்றில்தான் கோழிக்குடல் நாற்றம் இறங்கியது.

நகரத்துக் கோழிக்கடைகளில் மிஞ்சும் குடல், தலை, கால், இறகு ஆகியவற்றை யாரோ ஆள் நடமாட்டம் இல்லாத பொழுது பார்த்து வண்டியில் கொண்டுவந்து குட்டையில் கொட்டினர். முதலில் ஒரு மூலையில் குவியலாகக் கிடந்தது. பின்னர்க் குவியல் கரைந்து, நீரின்மேல் எண்ணெய்ப் படலம் போல ஒரு பளபளப்புப் படர்ந்தது. அதன்மேல் இறகுகள் மிதந்தன. இறகுகளின்மேல் ஈக்கள் அமர்ந்தன. காற்று மேற்கிலிருந்து வீசினால், பறித்த அரும்பிலும் ஓர் இறகு ஒட்டிக்கொண்டு வரும். புழு நெளியும் அக்குவியலை ஒருமுறை அருகில் சென்று பார்த்த நாகஜோதி, அன்று முழுவதும் சோற்றுப் பருக்கையைப் பருக்கையாகக் காண இயலாமல் பட்டினி கிடந்தாள்.

திண்டுக்கல் பூ மார்க்கெட்டில் அவள் வழக்கமாகப் பூப் போடும் கடைக்காரர் மாயாண்டி பொறுமைசாலி. அவரே ஒரு நாள் கூடைக்குள் கைவிட்டு ஒரு பிடி அரும்பை அள்ளி முகர்ந்து, முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"தாயி, கோவிச்சுக்கிராத. இந்தப் பூவப் பொணத்துக்குப் போட்டா, பொணம் எந்திரிச்சு ஓடிரும்."

சுற்றி நின்றவர்கள் சிரித்தனர். நாகஜோதி சிரிக்கவில்லை. கூடையைத் தலையில் ஏற்றிப் பேருந்து நிலையம் வரை நடந்து, அங்கே குப்பைத் தொட்டியில் மல்லிகையைக் கவிழ்த்தாள். பூவைக் குப்பையில் கொட்டுவது அவள் வாழ்வில் அதுவே முதல்முறை.

அன்று முதல் அவள் ஊராட்சி அலுவலகத்தைத் தன் இரண்டாம் வீடாக்கிக்கொண்டாள். கிராம சபையில் எழுந்து பேசினாள். ஒரு தூக்குவாளியில் கிணற்று நீரை மொண்டு சென்று, தலைவரின் மேசைமேல் வைத்து மூடியைத் திறந்தாள். அந்தத் தூக்குவாளிதான் காரியத்தைச் சாதித்தது என்பர். ஐப்பசி அடைமழைக்கு முன்பாகப் பொக்லைன் விட்டுக் குட்டையைச் சுத்தம் செய்வதென்று முடிவாயிற்று. மழை முந்திக்கொண்டால் அழுகல் முழுவதும் கரைந்து ஊற்றில் இறங்கிவிடும். பிறகு கிணற்றை மறந்துவிட வேண்டியதுதான். எனவே அவள் நாள்தோறும் வானத்தைப் பார்த்தாள்.

இவ்விடத்தில் அவளுடைய தம்பி மணிமாறனைப் பற்றிக் கூறுதல் அவசியமாகிறது. உடன்பிறந்தவன் அவன் ஒருவனே. அவன் பிறந்தபோது நாகஜோதிக்கு வயது பத்து. தாய் காய்ச்சலில் கிடந்தமையால், அவனைக் குளிப்பாட்டியதும் அவன் துணிகளை அலசியதும் அவளே. இன்று அவன் திண்டுக்கல்லில் கோழிக்கடைகளின் கழிவை அள்ளும் ஒப்பந்தக்காரன். நகருக்கு வெளியே தோப்பும் தோப்புக்குள் வீடும் உடையவன். அவன் கையில் எப்போதும் அத்தர் மணக்கும். அந்த அத்தருக்குக் கீழே வேறொரு வாடை இருப்பதை நாகஜோதியின் மூக்கு அறியும். தம்பி என்பதால் அம்மூக்கு அறியாததுபோல் இருந்துகொள்ளும். குட்டையில் கொட்டுவது யார் வண்டி என்று அவள் நேராகவே கேட்டிருந்தாள். தன் வண்டிகள் எல்லாம் தீவன மில்லுக்குப் போகின்றன என்றும், அக்காவின் ஊரில் கொட்டுவதற்குத் தான் என்ன மாட்டுப் பிறவியா என்றும் கூறி, இறந்துபோன அம்மாவின்மேல் சத்தியம் செய்தான். அவள் நம்பினாள்.

பொக்லைன் வருவதாக இருந்த வாரத்தில்தான் அந்தப் பிராணி வெளிப்பட்டது.

ஆடு மேய்த்தவர்கள் முதலில் அதை உடும்பு என்றனர். உடும்பு என்றால் பிடித்து வெஞ்சனம் வைக்கலாம் என்று ஒருவர் கம்போடு இறங்கினார். இறங்கியவர் இறங்கிய வேகத்தில் கரையேறினார். கழிவுக் குவியலின்மேல், கருத்துப்போன பனைமட்டை போல, ஓர் ஆள் நீளம்கூட இல்லாத முதலை ஒன்று படுத்திருந்தது. மூக்கு நீண்டிராமல் மழுங்கியிருந்தது. முதுகும் வாலும் கருங்கல் சல்லியைப் பதித்தாற்போல் இருந்தன. ஒரு கோழித்தலை அதன் வாயோரம் தொங்கிக்கொண்டிருந்தது. அந்தத் தலையின் கண் திறந்திருந்தது. முதலை அதை விழுங்கவும் இல்லை, உமிழவும் இல்லை. தின்று சலித்த பிராணியின் அலட்சியம் அது.

நாகஜோதி முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டாள். அவளுக்கு அச்சம் தோன்றவில்லை, குமட்டல் தோன்றியது. இதுகாறும் அழுகல் மட்டுமே இருந்தது. இப்போது அழுகலைத் தின்று கொழுக்க ஓர் உயிரும் வந்துவிட்டது என்று எண்ணினாள்.

செய்தி பரவிய ஒரு மணி நேரத்தில் கரை நிறைந்தது. பிள்ளைகளைத் தோளில் ஏற்றிவந்தவர்கள், கைப்பேசியை நீட்டிப் படம் எடுத்தவர்கள், பொட்டலம் பிரித்துப் பிரியாணி எலும்பை வீசியவர்கள் எனப் பலதரப்பட்டவர்களும் கூடினர். எவர் மூக்கும் நாற்றத்தை உணர்ந்ததாகத் தெரியவில்லை. இத்தனை மாதம் அவ்வழியே மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடியவர்களே இப்போது அங்கு நின்று முறுக்குத் தின்றனர். அதைக் கண்டபோது முதலையைக் கண்டதைவிட அவளுக்கு அதிகம் குமட்டிற்று.

வனத்துறையிலிருந்து வனவர் அப்துல் லத்தீப் வந்தார். பொறுப்பான மனிதர். கூட்டத்தை விலக்கிக் கயிறு கட்டினார். இது குட்டி என்றால் தாய் எங்கே, தாய் வந்து கடித்தால் என்ன ஆவது என்று ஊரார் அவரைச் சூழ்ந்துகொண்டனர். அமராவதி அணைப் பக்கமிருந்து வந்திருக்கலாம் என்று ஒருவரும், யாரோ பையில் கொண்டுவந்திருக்கலாம் என்று மற்றொருவரும் கூறினர். அவ்வேளையில் மணிமாறனும் வந்து சேர்ந்தான். அக்காவின் ஊரில் முதலை என்று கேள்விப்பட்டு ஓடிவந்ததாகச் சொன்னான். கூட்டத்தின் அச்சத்தைத் தணிப்பவன்போல் கையை உயர்த்தினான்.

"யாரும் பயப்படாதீக. இது குட்டியும் இல்ல, ஆத்தாளும் வராது. இது குட்டை மொதல. இனிமே இதுக்கு மேல வளராது."

லத்தீப் எடுத்த படங்களை விலங்கியல் பேராசிரியை ஜீவிதாவுக்கு அனுப்பியிருந்தார். ஊர்வன பற்றி ஆராய்பவர் அவர். அப்போது வெளியூரில் இருந்தார். மாலையில் அவரிடமிருந்து குறுஞ்செய்தி வந்தது. லத்தீப் அதைக் கூட்டத்தின் முன் உரக்கப் படித்தார்: குட்டை முதலையாகத் தெரிகிறது, முழு வளர்ச்சி அடைந்திருக்கலாம், விரைவில் பேசுகிறேன்.

தமிழில் குட்டை என்னும் சொல்லுக்கு இரு பொருள் உண்டு. நீர் தேங்கும் சிறு பள்ளம் என்பது ஒன்று. உயரத்தில் குறைந்தது என்பது மற்றொன்று. எழுத்திலும் ஒலியிலும் இரண்டுக்கும் வேறுபாடு கிடையாது. ஆவாரங்குட்டையின் கரையில் நின்று கேட்பவனுக்கு எந்தப் பொருள் முதலில் தோன்றும் என்பதைச் சொல்லவேண்டியதில்லை. ஆற்று முதலை ஆற்றில் வாழ்வது; குட்டை முதலை குட்டையில் வாழ்வது. எல்லோரும் தலையாட்டினர். லத்தீப்பும் அவ்வாறே கொண்டார். நீண்டகாலமாக இக்குட்டையிலேயே வாழ்ந்து வளர்ந்த முதலை என்றால் இது அதன் இருப்பிடம். பாதுகாக்கப்பட்ட விலங்கின் இருப்பிடத்தில் பொக்லைனை இறக்க முடியாது. மேலிடத்து உத்தரவு வரும்வரை குட்டையில் யாரும் கைவைக்கக் கூடாது என்று தெரிவித்தார். உத்தரவுக்கு எத்தனை நாளாகும் என்று நாகஜோதி கேட்டாள். பொங்கலுக்குள் வந்துவிடலாம் என்று அவர் நேர்மையாகவே பதில் கூறினார்.

மறுநாள் கரையில் ஒரு கல் நடப்பட்டது. கல்லுக்கு மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்தனர். குட்டையைக் காக்க இத்தனை காலம் மறைந்திருந்த தெய்வம் என்று பேச்சு கிளம்பியிருந்தது. முதல் சூடம் ஏற்றியவன் மணிமாறன். சூடத்தின் மணமும் அழுகலின் நாற்றமும் ஒன்றாகக் கலந்து காற்றில் வந்தபோது, நாகஜோதி வரப்பில் குனிந்து வாந்தி எடுத்தாள்.

அவள் மனத்தில் ஒரு வாக்கியம் முள்ளாகத் தைத்திருந்தது. இனிமே இதுக்கு மேல வளராது. பேராசிரியையே உறுதியாகச் சொல்லாததை, மாலைச் செய்தி வருவதற்கு முன்பே, கோழிக்கழிவு அள்ளுகிறவன் எவ்வாறு அறிந்தான்? குட்டையில் வாழ்வதனால் ஒன்று வளராமல் நிற்குமா? எருமை குட்டையில்தான் கிடக்கிறது, அது வளரவில்லையா? இவ்வாறு எண்ணி எண்ணி, களைவெட்டியை ஊன்றியபடியே நின்றுவிடுவாள்.

விடை ஓர் உச்சிப்பொழுதில் தானாக வந்தது. வெயிலுக்கு அஞ்சிக் கூட்டம் கலைந்திருந்தது. நாகஜோதி கிணற்றடி வேம்பின் நிழலில் அமர்ந்திருந்தாள். ஒரு சிறு சரக்கு வண்டி மண்பாதையில் வந்து நின்றது. தம்பியின் வண்டியோட்டி அய்யனார் அதிலிருந்து இறங்கினான். நீலநிறப் பிளாஸ்டிக் டிரம் ஒன்றை உருட்டி இறக்கினான். பிறகு டிரம்மின் வயிற்றில் உள்ளங்கையால் மூன்றுமுறை தட்டினான்.

நீர் பிளந்தது. முதலை வந்தது. பாய்ந்து வரவில்லை, வேட்டையாடும் பிராணியைப் போலவும் வரவில்லை. சோறு வைக்கும் சத்தம் கேட்ட வீட்டு நாயைப் போல, வயிற்றைச் சேற்றில் தேய்த்துக்கொண்டு, அவசரமாகக் கரையேறி வந்தது. டிரம் கவிழ்ந்தது. குடல்கள் அதன் தலைமேலேயே சரிந்தன. கண்ணை மூடிக்கொண்டு வாயை மட்டும் திறந்தது. உள்ளே வெளிறிய மஞ்சள் தசை தெரிந்தது. மென்றபோது எழுந்த ஈரச் சத்தம், ஈரத்துணியைக் கல்லில் மெல்ல அடிப்பதுபோல் இருந்தது. ஒரு குடல் அதன் கழுத்தில் மாலைபோல் விழுந்து கிடந்தது.

நாகஜோதி எழுந்து சென்றாள். அய்யனார் திடுக்கிட்டான். மறைக்கத் தெரியாதவன் அவன்; கேட்டதற்கெல்லாம் பதில் கூறினான். தோப்பு வீட்டில் இரண்டு வருடமாக இதே டிரம்தான், இதே தட்டுதான் என்றான். இங்கே கொட்டுவதும் இதே வண்டிதானா என்று கேட்டபோது தலை குனிந்தான்.

"அண்ணேன்தான் சொல்லுச்சு. இப்பக் கொட்டுனா எவனும் கேக்க மாட்டான், மொதலைக்குத் தீனின்னு சொல்லிக்கிரலாம்னு."

அன்றே அவள் தோப்பு வீட்டுக்குச் சென்றாள். மணிமாறன் மறுக்கவில்லை. அக்காவிடம் மறைத்துவிட்டதற்கு வெட்கப்படுபவன்போல் சிரித்தான்; அந்தச் சிரிப்பு வெட்கமன்று. கொல்லையில் இருந்த சிமென்ட் தொட்டியைக் காட்டினான். தொட்டி காலியாக இருந்தது; பாசி படிந்த அடியில் எலும்புத் துணுக்குகள் கிடந்தன. பெங்களூரில் ஒருவனிடம் வாங்கியதாகவும், மீன் அனுப்பும் தெர்மாகோல் பெட்டியில் வைத்துக் கொடுத்ததாகவும், ஆப்பிரிக்கச் சரக்கு, குட்டை இனம், பெரிதாக வளராது என்று அவன் சொன்னதாகவும் விவரித்தான். விருந்தினர் வந்தால் டிரம்மைத் தட்டிக் காட்டுவது அவனுக்குப் பெருமையாக இருந்தது. வெளிநாட்டுப் பிராணிகளை வைத்திருப்போர் அரசிடம் பதிவுசெய்ய வேண்டும் என்று சட்டம் வந்ததும் பெருமை பயமாக மாறியது. கொல்ல மனம் வரவில்லை. ஆகவே கொண்டுபோய் விட்டான்.

ஊரில் வேறு குட்டையே இல்லையா என்று அவள் கேட்டாள்.

"வேற ஊர்ல விட்டா எவனாச்சும் அடிச்சுக் கொன்றுவான்க்கா. உன் ஊருன்னா நீ பாத்துக்கிருவ."

அவன் இதை அன்போடுதான் சொன்னான். அதுதான் அவளால் தாங்க முடியாததாக இருந்தது. கிணறு போனால் போகட்டும், ஆழ்துளைக் கிணறு தானே போட்டுத் தருவதாகவும் கூறினான். விடைபெறும்போது அவள் கையைப் பிடித்து, இது நம் குடும்பத்துக்குள் இருக்கட்டும் என்றான். வீடு திரும்பும் வரை பேருந்தில் அவள் அந்தக் கையை மடியில் வைக்காமல் சன்னலுக்கு வெளியே நீட்டிக்கொண்டே வந்தாள். வீட்டில் சீயக்காய் போட்டுத் தேய்த்தாள். அத்தர் போயிற்று, அதற்குக் கீழிருந்தது போகவில்லை.

சுருளிவேல் எல்லாவற்றையும் கேட்டான். அவன் அதிர்ந்து பேசாதவன். கூடப்பிறந்தவனைக் காட்டிக்கொடுத்த பெண் என்ற பேர் வந்தால், நாளை நல்லது கெட்டதற்கு முன்னால் நிற்க முடியாது என்றான். கிணறு போனால் கூலிக்குப் போவோம் என்றும் சொன்னான். அவன் கூறியதில் பிழை இல்லை. ஆயினும் அன்று அவன் குடித்துவிட்டு வைத்த தண்ணீர்ச் செம்பை அவள் எடுத்து முகர்ந்து பார்த்தாள். விலைக்கு வாங்கிய கேன் தண்ணீர்தான். அதிலும் அந்த வாடை வீசுவதாக அவளுக்குத் தோன்றியது.

வடக்கே மேகம் கறுத்த ஒரு காலையில் லத்தீப் மீண்டும் வந்தார். கரையில் ஊராட்சித் தலைவரும் ஊராரும் இருந்தனர். மணிமாறனும் கைகட்டி நின்றான். பேராசிரியை ஜீவிதா தொலைபேசியில் கிடைத்திருந்தார். லத்தீப் எல்லோருக்கும் கேட்கும்படி கைப்பேசியின் ஒலியைக் கூட்டினார். குட்டையில் வாழும் முதலை என்று தான் அறிக்கை எழுதியிருப்பதாக அவர் சொன்னதும் மறுமுனையில் பேராசிரியை சிரித்துவிட்டார்.

"சார், நான் தண்ணிக் குட்டையைச் சொல்லல. உயரக் குட்டையைச் சொன்னேன். குள்ளம்."

லத்தீப் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். கூட்டத்தில் சிலர் மஞ்சள் பூசிய கல்லைத் திரும்பிப் பார்த்தனர்.

பேராசிரியை விளக்கினார். உலகில் இன்று வாழும் முதலைகளை அறிவியலார் மூன்று குடும்பங்களாக வகைப்படுத்துகின்றனர். நம் ஆறுகளிலும் கழிமுகங்களிலும் வாழ்பவை முதலைக் குடும்பம். அலிகேட்டர், கெய்மன் ஆகியவை மற்றொரு குடும்பம். நீண்டு ஒடுங்கிய மூக்கையுடைய கரியல் வகை தனிக் குடும்பம். குள்ள இனங்கள் முதல் இரண்டு குடும்பங்களிலுமே உள்ளன. ஆப்பிரிக்கக் காட்டோடைகளில் வாழும் குள்ள முதலை முதல் குடும்பத்தைச் சேர்ந்தது. அதை ஒரே இனம் என்று நெடுங்காலம் எண்ணியிருந்தவர்கள் இப்போது இரண்டென்றும் மூன்றென்றும் பிரிக்கின்றனர். தென்னமெரிக்கக் குள்ளக் கெய்மனோ அலிகேட்டர் குடும்பத்தது. இவை தவிர, சிறு தொட்டியில் அடைபட்டு வளர்ச்சி குன்றிய நம் நாட்டு முதலையும் இவ்வளவே இருக்கக்கூடும். அனுப்பிய படங்களில் பிடரியும் மூக்கும் சேற்றாலும் குடலாலும் மூடப்பட்டிருப்பதால் எதையும் உறுதியாகக் கூற இயலாது என்றார்.

லத்தீப்பின் சங்கடம் வேறு. நம் நாட்டு முதலையாக இருந்துவிட்டால், சென்னையிலிருந்து உயர் அதிகாரியின் அனுமதி வராமல் அதன்மேல் கயிறு போட முடியாது. அனுமதிக்கு மாதங்கள் ஆகும். யாரோ வளர்த்த வெளிநாட்டுப் பிராணி என்றால், இன்றே பிடிக்கலாம். அதற்கு வளர்த்தவர் இன்னார் என்று யாராவது ஒருவர் சொல்லவேண்டும். இதைக் கூட்டத்துக்கு எடுத்துரைத்துவிட்டு அவர் சுற்றிலும் பார்த்தார். மணிமாறன் அக்காவைப் பார்த்தான். சுருளிவேல் தரையைப் பார்த்தான். காற்று திரும்பி, குட்டையின் மூச்சைக் கொண்டுவந்து அவர்கள் மேல் ஊதிற்று. முதல் தூறல் ஒன்று நாகஜோதியின் புறங்கையில் விழுந்தது.

லத்தீப் நாகஜோதியின் பக்கம் திரும்பினார்.

"எந்தக் குடும்பம்னு தெரியாம நான் என்னம்மா பண்ண முடியும்?"

"எங்க குடும்பம் சார்" என்றாள் நாகஜோதி.

கூட்டம் வேடிக்கைப் பேச்சென்று எண்ணிச் சிரித்தது. தலைவர்கூடச் சிரித்தார். சிரிப்பு அடங்கும்வரை அவள் காத்திருந்தாள்.

"என் கூடப்பெறந்தவன் வளத்தது. தோப்புல தொட்டி இருக்கு. கொட்டுறதும் அவன் வண்டிதான்."

அதற்குமேல் அவள் விளக்கம் கூறவில்லை. மணிமாறனை ஏற்றிவந்த அய்யனாரின் வண்டி புளியமரத்தடியில் நின்றது. அதிலிருந்த நீல டிரம்மைத் தானே இறக்கி உருட்டி வந்தாள். அதன் வயிறு வழவழவென்று கொழுப்பேறிக் கிடந்தது. வெறும் கையால் மூன்றுமுறை தட்டினாள். கூட்டம் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, தெய்வம் என்று கும்பிடப்பட்டது சேற்றிலிருந்து எழுந்து, தீனிக்காக அவள் காலடி வரை ஊர்ந்து வந்து வாயைப் பிளந்தது. டிரம் காலியாக இருந்தது. முதலை பிளந்த வாயோடு காத்திருந்தது. வனத்துறை ஆட்கள் சுருக்குக் கயிற்றைப் போட்டபோதும் அது பெரிதாகத் திமிறவில்லை. வாயைக் கட்டித் தண்ணீர் ஊற்றிக் கழுவினர். கழுவிய பிடரியையும் மூக்கையும் காணொளி அழைப்பில் பார்த்த பேராசிரியை, ஆப்பிரிக்கக் குள்ள முதலைதான் என்றும், அவற்றுள் எந்த இனம் என்பதைச் சோதித்துத்தான் சொல்ல வேண்டும் என்றும் தெரிவித்தார்.

சேறு போனபின் அது அத்தனை சிறியதாக இருந்தது. நாகஜோதி அப்போதுதான் அதை முகம் சுளிக்காமல் பார்த்தாள். எங்கோ காட்டு ஓடையில் நண்டும் மீனும் தின்றிருக்க வேண்டிய பிராணி, கொடுத்ததைத் தின்றது. விட்ட இடத்தில் கிடந்தது. அதன்மேல் இருந்த அருவருப்பு முழுவதும் கழன்று விழுந்தது. விழுந்தது காணாமல் போகவில்லை. வேறிடத்தில் போய் ஏறிக்கொண்டது. மணிமாறனை வனத்துறை வண்டியில் ஏற்றினர். ஏறும்போது அவன் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டான், சேறு பட்டுவிடுமோ என்று.

இரண்டு நாள் கழித்து, ஒரு பிற்பகலில், அவன் வீட்டுக்கு வந்தான். வாக்குமூலம் வாங்கி, வழக்குப் பதிந்து அனுப்பியிருந்தனர். முகம் வெந்திருந்தது. மறுநாள் காலை பொக்லைன் வருவதாக இருந்தது. மழை தூறலோடு நின்று, வானம் காத்துக்கொண்டிருந்தது. வந்தவன் உட்காரவில்லை. ஊர் முன்னால் தன்னை நாறடித்துவிட்டதாகக் கூறினான். அரை ஏக்கர் பூவுக்காகத் தம்பியை விற்றுவிட்டாள் என்றான். அம்மா இருந்திருந்தால் அக்காவின் முகத்தில் விழித்திருப்பாளா என்று கேட்டான். அம்மாவின்மேல் பொய்ச்சத்தியம் செய்த வாய் அம்மாவை மறுபடியும் அழைத்தபோதும் நாகஜோதி குறுக்கிடவில்லை. பேசிப் பேசி அவனுக்கு நாக்கு வறண்டது. சிறுவயது முதல் பழகிய வழக்கத்தில், கோபத்தின் நடுவிலேயே கையை நீட்டித் தண்ணீர் கேட்டான்.

அவள் வீட்டுக்குள் இருந்த கேன் பக்கம் போகவில்லை. கிணற்றடிக்குச் சென்றாள். வாளியை இறக்கி நீர் மொண்டு, விளக்கி வைத்திருந்த பித்தளைச் செம்பில் ஊற்றி, கொண்டுவந்து அவன் கையில் கொடுத்தாள். அவன் அண்ணாந்து குடிக்கப் போனவன் பாதியில் நின்றான். முகம் கோணியது. செம்பை முகத்தைவிட்டுத் தள்ளிப் பிடித்தான்.

"என்னக்கா இது?"

"எங்க கெணத்துத் தண்ணி."

அவன் செம்பைக் கீழே வைக்க இடம் தேடினான்.

"நீ பெறந்தப்ப உன் பீத்துணிய நாந்தான் அலசுனேன்டா மணி. ஒரு நாளும் எனக்கு ஓங்கரிச்சது இல்ல" என்றாள். "இப்ப உன்னப் பாத்தா ஓங்கரிக்குது. குடி. ஒரு மடக்குக் குடிச்சுட்டு, நான் செஞ்சது தப்புன்னு சொல்லு. கேட்டுக்கிறேன்."

சுருளிவேல் வாசலில் எழுந்து நின்றான். மணிமாறன் செம்பை மீண்டும் வாயருகே கொண்டுபோனான். அவன் உதடு விளிம்பைத் தொட்டது. கண்ணில் நீர் கோத்தது. அது அழுகையா குமட்டலா என்று அவன் அக்காவின் மூக்குக்கும் விளங்கவில்லை. பிறகு அவன் செம்பைச் சாய்க்காமல், சிந்தாமல், பூசை நீரை வைப்பதுபோல் மெதுவாக வாசற்படியில் வைத்தான். கையை வேட்டியில் துடைத்துக்கொண்டான். தெருவில் இறங்கி நடந்தான்.

நாகஜோதி செம்பை எடுத்தாள். மல்லிகைக்கு ஊற்ற எண்ணி இரண்டடி நடந்தவள், நின்று, அதைத் தெருவோரச் சாக்கடையில் கொட்டினாள். செம்பைக் கவிழ்த்துவைத்துவிட்டு வானத்தைப் பார்த்தாள். இன்னும் ஓர் இரவு பொறுத்தால் போதும் என்று அதனிடம் கேட்பதுபோல் இருந்தது அவள் நின்ற நிலை.